முரட்டுச் சிவப்பு

அண்ணிக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கை ஓடவில்லை. நாத்தனாரை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்க, பெரிய ஹோட்டலிலிருந்து ஓர் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். ஒரு சிவப்பு ஒயின், அதற்குப் பொருந்துகிற ஒரு தட்டு. இதுதான் பரீட்சை. தேறிவிட்டால் நாத்தனார் வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கிவிடுவாள். 

குடும்பமே நடத்தும் சின்ன உணவகம் அது. கல்லாவில் கணவர், அடுப்படியில் அண்ணி, ஒயினெல்லாம் நாத்தனார் பொறுப்பு. அவளுக்கு வீட்டில் 'மூக்கு' என்றே பெயர். கிளாஸுக்குள் மூக்கை விட்டாளென்றால் கூப்பிட்டாலும் காதில் விழாது. தினமும் கடை திறக்குமுன் இருவரும் அடுப்பு மேடையோரம் நின்று, ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின் என்று ருசி பார்ப்பார்கள். உடனே சண்டை மூளும். கறி ஒயினை அமுக்குகிறது என்பாள் ஒருத்தி, ஒயின்தான் கறியை முழுங்குகிறது என்பாள் இன்னொருத்தி. ஐயோ, அந்தச் சண்டை இல்லாவிட்டால் அண்ணிக்குச் சோறு இறங்காது!

இன்றைக்கு மூக்கு தேர்ந்தெடுத்தது ஒரு முரட்டுச் சிவப்பு. கிளாஸைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாது. குடித்தால், கடுந்தேநீர் குடித்த மாதிரி ஈறெல்லாம் இறுகும்.

"இது முசுடு அண்ணி," என்று நேற்றே பாடம் நடத்தியிருந்தாள். "கொழுப்பும் உப்பும் குடுத்தா அடங்கிடும். மீனைக் குடுத்தா இரும்பை நக்கின மாதிரி இருக்கும். காரத்தை மட்டும் காட்டவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா வாயே பத்திக்கும்."

"உங்க அண்ணனைப் பத்திச் சொல்ற மாதிரியே இருக்கே!" என்று அண்ணி அப்போது சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கொதிக்கிற ஆட்டுக்கறிக்கு முன்னால் மிளகாய்ப்பொடி டப்பாவோடு நின்றாள். மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. கை கேட்டால்தானே! ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. படுபாவி, கிளறியும் விட்டாள்.

ஹோட்டல் அம்மா வந்து சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார். மூக்கு உள்ளே வந்து, கறிக்குழம்பில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். காது மடல் சிவந்தது.

"அண்ணி, காரம் தூக்கலா இருக்கே?"

"அப்படியா? கை தவறியிருக்கும்." அண்ணி பாத்திரம் கழுவுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

கத்துவாள், குதிப்பாள் என்று காத்திருந்தாள்.  திரும்பிப் பார்த்தால், காலையிலேயே திறந்து காற்றாட வைத்திருந்த சிவப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து இனிப்பான வெள்ளை ஒயினை எடுத்துக்கொண்டிருந்தாள் மூக்கு.

"என்னடி பண்ற?"

"ஒயினை மாத்திடறேன் அண்ணி. சிவப்பு கேட்டாங்க, நான் வெள்ளை குடுத்தா என் மார்க்குதான் போகும். போகட்டும். உங்க சமையலை யாரும் குறை சொல்லக் கூடாது."

அண்ணிக்குச் சுருக்கென்றது. பாட்டிலைப் பிடுங்கினாள்.

"கை தவறல. வேணும்னேதான் கொட்டினேன். நீ போயிட்டா நான் யாரோடடி மல்லுக்கட்டுவேன்? உங்க அண்ணனோடயா? அந்த மனுஷன் எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வார்!"

மூக்கு வாயைப் பிளந்தாள். என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள்.

"அடிப்பாவி அண்ணி! சூப் முடியப் போகுது."

"தள்ளு அந்தப் பக்கம்."

குழம்பில் போடாமல் மீதி வைத்திருந்த, கொழுப்புள்ள விலாத் துண்டுகளை எடுத்து, கல்லுப்பை மட்டும் தேய்த்து, காய்ந்த சட்டியில் போட்டாள். ஓரம் மொறுமொறுத்ததும் தட்டில் வைத்தாள். மூக்கு தட்டும் முரட்டுச் சிவப்புமாக ஓடினாள்.

அண்ணி கதவிடுக்கில் பார்த்தாள். அந்த அம்மா ஒரு துண்டை மென்றார், ஒரு மடக்கு குடித்தார், போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த துண்டைக் கையாலேயே எடுத்தார். சரிதான், தேறிவிட்டாள். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூக்கு உள்ளே வந்தாள்.

"கிடைச்சிடுச்சு அண்ணி."

"போய்த் தொலை," என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள் அண்ணி. "சம்பளம் பேசினியா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தடி பேசின இவ்வளவு நேரம்?"

"லீவுக்குத்தான் அடம்பிடிச்சேன். திங்கக்கிழமைதான் வேணும்னு. அன்னிக்கு நம்ம கடையும் கிடையாது, நாள் பூரா சண்டை போடலாம்."