சும்மாதானே இருக்கா

"டீச்சர் வேலையா? அதுல ஒரு சௌகரியம் இருக்குங்க. வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு."

"யார் சொன்னாங்க?"

"ஊரே சொல்லுது. நான் ஒரு நாள் லீவு கேட்டா எங்க மேனேஜர் மூஞ்சி சுருங்கிடும். உங்களுக்கு ஸ்கூலே கேட்டைப் பூட்டி அனுப்பிடுது. கல்யாணத்துக்கு அப்புறம் ஊர் ஊராச் சுத்தலாம்."

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் பேசியது இது. அவருடைய சிரிப்பு நன்றாக இருந்ததால் நானும் கூடவே சிரித்தேன். தப்பான விடைக்கு நான் முழு மதிப்பெண் போட்டது அந்த ஒரு தடவைதான்.

கோடையில் நான் சுற்றிய ஊரெல்லாம் விடைத்தாள் திருத்தும் மையங்கள். அங்கிருந்து திரும்பினால் தோற்ற பிள்ளைகளுக்கு மறுதேர்வு வகுப்பு. அது முடிந்தால் பயிற்சி முகாம். எப்போதாவது காலையில் மாடியில் துணி காயப் போடுவேன். கீழ்வீட்டுத் தையற்காரம்மா அண்ணாந்து பார்த்து, "டீச்சருக்கு என்ன, சம்பளத்தோட தூக்கம்," என்பார். நான் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி தலையாட்டுவேன்.

இந்தக் கோடை இன்னும் கடினம். பாடப்புத்தகம் மாறிவிட்டது. நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது. தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு வருஷம் முழுக்க உள்ள பாடத்திட்டம் என் மேஜையில இருக்கணும். இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். நீங்க பழையபடி ஏழாங்கிளாஸ்."

என் கணவர் ஒரு கம்பெனியில் கணக்காளர். வருஷக் கணக்கு முடிக்கும் சமயத்தில் வீட்டில் அவருக்கு ஒரு அறை, அதற்கு ஒரு கதவு. அந்தக் கதவு மூடினால் நான் மிக்ஸிகூடப் போட மாட்டேன். எனக்குச் சாப்பாட்டு மேஜையில் பாதி. சாப்பாட்டு நேரம் வந்தால் புத்தகங்கள் ஃபிரிட்ஜின் தலைக்கு ஏறும். கை கழுவியதும் இறங்கும். மின்னோட்டம் பாடத்தில் ஏற்கெனவே ஒரு காபி வட்டம் விழுந்திருந்தது.

நேற்று மதியம் ஏற்றி இறக்க எனக்குத் தெம்பில்லை. காகிதங்கள் பரப்பியபடியே கிடந்தன. இடைவெளியில் தட்டை வைத்தேன். அவர் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, ஒரு பருக்கைகூடச் சிந்தாமல் சாப்பிட்டார். அந்த விஷயத்தில் பதவிசானவர். ஃபோன் அடித்தது. அவருடைய தங்கை. எச்சில் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, எங்க ஆபீஸ் வேற கட்டடத்துக்கு மாறுது. எனக்கு மூச்சு விட நேரமில்லை. பிள்ளைங்க ரெண்டையும் நாளைக்குக் கொண்டுவந்து விடட்டுமா? ஸ்கூல் திறக்கிற வரைக்கும்."

"இதெல்லாம் ஒரு கேள்வியா? கொண்டு வா. உங்க அண்ணி வீட்ல சும்மாதானே இருக்கா."

இதைச் சொல்லும்போது, ஃபேன் காற்றில் பறக்கப் பார்த்த என் வரைபடத் தாளை அவருடைய இடது கை அழுத்திப் பிடித்திருந்தது.

"அப்படியே பெரியவளுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுண்ணா. அண்ணிக்கும் பொழுது போகும்ல."

நான் பேனாவை மூடி வைத்தேன். அவர் இடது கையால் ஃபோனை மியூட் செய்துவிட்டு, மறுபடி தாளை அழுத்தியபடி என்னைப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, முறைக்கிறே? குழந்தைங்கதானே. உனக்குப் பிடிக்குமே."

பிடிக்கும். அதுதான் சிக்கலே. சின்னவன் என் பாடப்புத்தகத்து விஞ்ஞானிகளுக்கெல்லாம் மீசை வரைந்துவிட்டு என் மடியிலேயே தூங்குவான். அவனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் போன கோடையில் அவர் தங்கையிடம் வாயைத் திறந்து பார்த்தேன். "எனக்கு வேலை இருக்கும்மா," என்றேன். "லீவுல என்ன அண்ணி வேலை? சாக்குச் சொல்லாதீங்க," என்று சிரித்தாள். பிறகு, அண்ணிக்கு எங்க பிள்ளைங்கன்னா பாரமாம் என்று சொந்தக்காரர்கள் வீடு வரைக்கும் பேச்சுப் போனது. அதே தங்கை, வருஷக் கணக்கு நாட்களில் எனக்கு ஃபோன் செய்து, "அண்ணா வேலையா இருக்காரா? அப்ப அப்புறம் பேசுறேன்," என்று குரலைத் தாழ்த்தி வைத்துவிடுவாள்.

"உங்க கைக்குக் கீழே என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஏதோ கிராஃப்."

"அது யாரோட வேலை?"

அவர் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை. மேஜையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, இப்போதுதான் பார்ப்பவர்போல மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அண்ணா? லைன்ல இருக்கியா?" என்றது ஃபோன்.

"இப்ப அவகிட்ட நான் என்னதான் சொல்லட்டும்?" என்றார் தணிந்த குரலில். என் கோடையைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

எத்தனையோ கோடையாக அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தபோது என் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

"உங்க அண்ணிக்கு வேலை இருக்குன்னு சொல்லுங்க. நான் சொன்னா சாக்குங்கிறாங்க. நீங்க சொல்லுங்க, ஒரே ஒரு தடவை."