அடுப்படிக்கு ஒரு நீல விளக்கு

என் பெயர் ஆவுடைத்தாய். வயது இருபத்தெட்டு. விசிட்டிங் கார்டைப் பார்க்கிறவர்கள் எழுபது வயது அம்மாள் யாரோ வருவதாக நினைத்து என் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். அதற்குக் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கே சலித்துவிட்டது. ஊர் கடையம். சென்னையில் ஏழு வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, தை மாதம் திரும்பி வந்து தென்காசியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். வயர் இழுக்காமல் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் ஸ்விட்ச், ஆள் வந்தால் எரியும் விளக்கு, மழையைப் பார்த்துச் சொல்லும் சென்சார், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போன். இதுதான் என் சரக்கு.

நாலு மாதமாக ஒரு ஆர்டர்கூட விழவில்லை. "நல்லாத்தான் இருக்கும்மா, யோசிச்சுச் சொல்லுதோம்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. வைகாசி பிறந்ததும், மனதில்லாமல், சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். ரயில் ஏற வேண்டிய அதே நாள் மத்தியானம்தான் அகமது கபீர் அண்ணாச்சி வரச் சொன்னார். அவர் சரி என்றால் டிக்கெட் கேன்சல். இல்லையென்றால் சாயங்காலம் நான் ரயிலில்.

அண்ணாச்சி குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் இருபது வருஷமாக மெஸ் நடத்துகிறவர். இப்போது மெஸ்ஸுக்கு மேலே மாடி எடுத்து எட்டு ரூம் போட்டிருந்தார். சீசனுக்குள் திறந்தாக வேண்டும். நான் இருபத்திரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டு போனேன். ஆள் வெளியே போனால் ஃபேன் நிற்கும், மறந்துவிட்ட கீசர் தானாக அணையும், வராந்தாவில் ஆள் நடந்தால் விளக்கு எரியும்.

"குரங்கு நடந்தா?" என்றார் அண்ணாச்சி.

"எரியாது அண்ணாச்சி. சென்சாரை இடுப்பு உயரத்துக்கு மேலதான் பாக்க வச்சிருக்கேன்."

"அது கைப்பிடிச் சுவர் மேலல்லா நடக்கும்? லைட்டும் போட்டுக் குடுத்தா குடும்பத்தோட குடியிருந்திரும்."

இது என் திட்டத்தில் இல்லை. ஓரத்தில் குறித்துக்கொண்டேன். கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்றாம் நம்பர் ரூமில் மலையைப் பார்த்த பெரிய ஜன்னல். முதல் நாளே வந்து அதில் மோட்டாரையும், கட்டிலுக்கு மேலே ஒரு மணியையும், ஃபேனுக்கு என் ஸ்விட்ச்சையும், வெளியே கைப்பிடிச் சுவரில் மழை சென்சாரையும் மாட்டி வைத்திருந்தேன். சென்சார் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். கண்ணாடிக் கதவு இரண்டும் மெல்ல நகர்ந்து வந்து சாத்திக்கொண்டன. துடைத்ததும் திறந்துகொண்டன.

"ஏயப்பா!" என்று கைதட்டிய அண்ணாச்சி டம்ளரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். மூன்று தடவை அவரே ஊற்றி, அவரே துடைத்து, மூன்று தடவையும் சிரித்தார். "ஏளா, நூரு! இங்கன வந்து இதப் பாரு!" என்று கீழே பார்த்துக் கத்தினார். எனக்கு ஆர்டர் கைக்கு வந்தாயிற்று என்றே தோன்றியது.

நூர்நிஷா அக்கா டீயோடு மாடிக்கு வந்தார். அண்ணாச்சியின் மனைவி; மெஸ்ஸில் சமையல் முழுக்க அவர்தான். ரூமுக்குப் பெயிண்ட் அடித்த பிறகு இப்போதுதான் மேலே வருகிறாராம். டீயைக் கீழே வைப்பதற்குள் காற்று மாறியது. மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. வருஷத்தின் முதல் சாரல் பொசுபொசுவென்று விழ ஆரம்பித்தது.

மூன்று பேரும் ஜன்னலுக்கு ஓடினோம். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அப்போதுதான் என் சென்சார் தன் கடமையைச் செய்தது. ஜன்னல் சாத்த ஆரம்பித்தது.

"ஏ, நிறுத்து நிறுத்து!" அண்ணாச்சி கதவைப் பிடித்து இழுத்தார். மோட்டார் அவரையும் சேர்த்து இழுத்தது. அக்கா கையை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவு கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. வெளியே சாரல், உள்ளே பெயிண்ட் வாசத்தில் நாங்கள்.

"சாரலுக்குன்னுதானம்மா மெட்ராஸ்ல இருந்து கெளம்பி வாரான். அவன் மூஞ்சியில சன்னலச் சாத்தினா எப்படி?" என்றார் அண்ணாச்சி.

எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது. வேளச்சேரியில் ஏழு வருஷமும் மழை என்றால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தியவள் நான். கட்டில் நனையும், லேப்டாப் நனையும். அந்தப் புத்தியோடு உட்கார்ந்து குற்றாலத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். கடையத்துக்காரி என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி டம்ளரை ஓரமாக வைத்தார். "யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்றார்.

ரயில் கண்முன்னே வந்து நின்றது. "ரெண்டே நிமிஷம் அண்ணாச்சி" என்று போனை எடுத்தேன். சென்சாருக்கு மழையின் அளவும் தெரியும். பெருமழை என்றால் மட்டும் சாத்து. சாரல் என்றால் ஜன்னலைத் திற, ஃபேனை நிறுத்து, கட்டிலுக்கு மேலே மணி அடி. எழுதி முடித்து அமுக்கினேன்.

மணி ஒரு தடவை கிணுங்கியது. ஃபேன் நின்றது. ஜன்னல் தானாகத் திறந்து சாரலை உள்ளே விட்டது.

அண்ணாச்சி முகத்தைத் துடைக்காமலே சிரித்தார். "படுத்து உறங்குதவனையும் எழுப்பிருமா?"

"எட்டு ரூமையும் எழுப்பும் அண்ணாச்சி."

"எட்டு ரூமுக்கும் சொல்லும்" என்றார் நூர்நிஷா அக்கா மெதுவாக. "எனக்கு யாரு சொல்லுவா?"

அண்ணாச்சி திரும்பினார். "என்னளா சொல்லுத?"

"அடுப்படியில சன்னல் ஏது? சீசன்ல பொகைக்குள்ள நிக்கேன். சாரல் விழுந்ததே, நீங்க நனைஞ்ச துண்டோட வந்து நாப்பது டீன்னு சொல்லுதப்பதான் எனக்குத் தெரியும். நான் டீ போட்டு முடிச்சு வெளிய வந்தா வெயில் அடிக்கும்."

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"எப்பச் சொல்ல? நாப்பது டீல்லா போடணும்!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு இறங்கினேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். அங்கே பெயிண்டர்கள் நாலு பேர் டீக்காகக் காத்திருந்தார்கள். உப்பு ஜாடிக்கு மேலே சின்ன நீல விளக்கு ஒன்றை ஒட்டினேன். சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை, ஒட்டினால் போதும். போனில் இரண்டு தட்டு தட்டியதும் விளக்கு எரிந்தது. மேலே இன்னும் சாரல்தான். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச்சையும் ஒட்டினேன்.

"அக்கா, லைட் எரிஞ்சா சாரல். உடனே இந்த ஸ்விட்ச்ச அமுக்குங்க. எட்டு ரூம்லயும் மணி ரெண்டு தடவ அடிக்கும்."

"அடிச்சா?"

"டீ பத்து நிமிஷம் கழிச்சுத்தான்னு அர்த்தம். ரூமுக்கு ரூம் எழுதி ஒட்டிருவேன்."

அக்கா விளக்கைப் பார்த்தார், ஸ்விட்ச்சைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். ஸ்விட்ச்சை அமுக்கினார். மேலே மூன்றாம் நம்பர் ரூமில் மணி இரண்டு தடவை கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அண்ணாச்சி அணைந்த அடுப்பையும் பெயிண்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப டீ யாரும்மா போடுவா?"

"அது என் பிளான்ல இல்ல அண்ணாச்சி."

"அப்ப அதையும் எழுது. இருபத்திமூணாவது பக்கமா எழுதிக்கோ" என்றவர் என் பேனாவை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே வேலைய ஆரம்பி. குரங்கு விசயத்தையும் மறந்திராத."

டிக்கெட்டை அங்கேயே கேன்சல் செய்தேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா தலைத்துணியை நெகிழ்த்திவிட்டு, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி நின்றிருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தோம்.

கீழேயிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "ஏளா நூரு, சீனி எங்கன இருக்கு?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "பத்து நிமிசம் ஆயிட்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லக்கா, நாலுதான் ஆயிருக்கு."

"அப்ப இருக்கட்டும்" என்றார்.