துரை காரின் தோல் இருக்கை

1

போன மாதம் சுங்கை காடுட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய காருக்கு உயிர் கொடுக்கப் பார்த்தார். டாங்கியில் கெட்டுக் கிடந்த பெட்ரோலை வடித்து என் வாசல் சாக்கடையில் ஊற்றினார். அந்த நாற்றம்தான் இந்தக் கதையை எழுத வைத்தது. வேறு பெரிய காரணம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "கோலா சாவா தோட்டத்தில் அன்று பனி அழகாக

(அழகாக இல்லை. ஜப்பான்காரன் காலம். மரவள்ளி தின்று எல்லாருக்கும் வயிறு உப்பியிருந்தது.)

இன்னொரு தொடக்கம், இதுவே இருக்கட்டும்: வெள்ளைக்காரத் துரை தப்பி ஓடும்போது தன் காரை ரப்பர் புகைபோடும் கொட்டகையில் ஒளித்துவைக்கச் சொன்னார். ஒளித்தவர் என் கணவர் அர்ச்சுனன், துரையின் டிரைவர். நாற்பத்து மூன்றில் ஜப்பான் அதிகாரி அதைக் கண்டுபிடித்தான். ஒரு டின் பெட்ரோலோடு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி செல்லப்பாவை அனுப்பினான்.

"கார் ஓடினால் நீர் இஞ்சை. ஓடாட்டில் சயாம் ரயில்பாதை வேலைக்கு. நாளைக்குப் பார்க்க வருவினம்."

"சயாமா? போனவன் ஒருத்தனும் திரும்பலையே, ஐயா," என்றார் அர்ச்சுனன்.

(கிராணியைக் கொடியவராக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் குரலும் நடுங்கியது.)

3

டாங்கியில் பெட்ரோல் கருப்பட்டிப் பாகாக இறுகியிருந்தது. அர்ச்சுனன் கழற்றிக் கழுவினார். குழாயை வாயால் ஊதினார். கார்புரேட்டரின் ஊசித்துளை அடைத்திருந்தது. என்னிடம் கை நீட்டினார்.

"நாலு முடி பிடுங்கிக் குடு புள்ள. கம்பி விட்டா ஓட்டை பெருசாயிரும்."

"நரைச்சதா, கறுப்பா?"

"பேன் இல்லாததா பாத்துக் குடு லா."

கடைசியில் குழாய் மூட்டு ஒழுகியது. அதன் தோல் வாஷர் உளுத்துப்போயிருந்தது.

"சீட்டுத் தோல்ல ஒரு காசளவு வெட்டிக்கிடுங்களேன்."

"துரை திரும்பி வந்து கேட்டா, நீயா பதில் சொல்லுவ?"

மூட்டில் ரப்பர் பாலைத் தடவிக் காயவைத்தார். வாளி ஓட்டைக்கும் கூரை ஒழுக்குக்கும் தோட்டத்தில் அதுதானே மருந்து.

4

கார் கிளம்பியது. லயத்து வீடுகளின் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பங்களா மேட்டில், அதிகாரியின் கண்முன்னே, இருமி இருமி நின்றது. அர்ச்சுனன் திறந்து பார்த்தார். பெட்ரோல் ரப்பரைக் கரைத்து, துளைக்குள் பசையாக இழுத்துப் போயிருந்தது.

"பெட்ரோல்ல ரப்பர் கரையும்னு சைக்கிள் டியூப் ஒட்டுறவனுக்குக்கூடத் தெரியுமே, நீலா," என்றார். பிறகு என்னைப் பார்த்து

(எழுத முடியவில்லை.)

அன்றே லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை.

5

வேறு முடிவும் எழுதிப் பார்த்தேன். கார் நிற்காமல் ஓடுகிறது. அவர் வீட்டுக்கு வருகிறார். நான் சோறு போடுகிறேன். (அரிசி ஏது?) மறுவாரமே டிரைவர் வேண்டும் என்று காரோடு அவரையும் கொண்டுபோயிருப்பார்களோ? தெரியாது. ஒரு வாரம் கிடைத்திருக்கும்.

சண்டை முடிந்து துரை வந்தார். கார் அதே மேட்டில் நின்றது. கதவைத் திறந்து இருக்கையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் டிரைவர் எங்கே என்று கேட்டார்.

6

ஆகவே இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. கொட்டகையில் மூட்டு இன்னும் ஒழுகுகிறது. அவர் கை ரப்பர் பால் குவளைப் பக்கம் நீள்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் என் கத்தியைத் தீட்டி இருக்கைமேல் வைத்திருக்கிறேன். வாசிப்பவரே, ஒரு காசளவு வெட்டிக் கொடுங்கள்.

துரை வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.