அடுப்பெரியாத வீடுகளின் மணம்

நூலாலை மூடப்பட்ட வருடத்து மழைக்காலத்தில், அடுப்பெரியாத வீடுகளிலிருந்து சமையல் மணம் வரத் தொடங்கியது. முதலில் வந்தது ஆலையில் கணக்கெழுதியவர் வீட்டிலிருந்து. எண்ணெயில் வெங்காயம் வதங்கும் மணம், விடிந்ததும் தொடங்கி விளக்கணைக்கும்வரை தெருவில் நின்றது. வேலை போனவன் வீட்டில் தினமும் விருந்தா என்று அக்கம்பக்கத்தார் வயிறெரிந்தார்கள். பிறகு மாடிக் குடித்தனம் ஒன்றில் மீன் பொரிந்தது, பின்சந்தில் வெண்ணெய் உருகியது, ஊரெங்கும் ஒரே பொறாமை. உண்மையைப் போட்டு உடைத்தவர் கேஸ் சிலிண்டர் போடுபவர். மணக்கிற வீடுகள் எல்லாமே மாதக்கணக்கில் சிலிண்டர் கேட்காத வீடுகள் என்று அவர் சொன்னதும் தெருவில் பேச்சு நின்றது. சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, மணத்தில் கலப்படம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வீட்டில் எதை நினைத்துப் பசியோடு இருக்கிறார்களோ அது தெருவுக்கு மணக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஊரும் அதற்குமேல் அதை நோண்டவில்லை.

பழைய ஐஸ் ஃபேக்டரியில் உணவு வங்கி நடத்தியவளை ஊரே பெரியக்கா என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மொத்தக் கடைகளில் ஒதுக்கிய நசுங்கிய டின்கள், உறை கிழிந்த மாவு, பருப்பு எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வாரா வாரம் லாரியில் வரும். அவளுக்கு ஒரே குறை. வரிசையில் வந்து நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம், மானத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்பவர்களை என்ன செய்வது? இப்போது அவர்களுடைய முகவரி காற்றிலேயே வந்தது. தொண்டர்கள் காலையில் தெருத்தெருவாக மோந்துகொண்டு நடந்தார்கள். ஜலதோஷம் பிடித்தவர்களை டின் அடுக்கும் வேலைக்கு மாற்றினாள். மணக்கிற வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியதையும் அவளே சொல்லிக்கொடுத்தாள்: "கிடங்குல இடமே இல்லங்க. இந்த மூட்டைய உங்க வீட்ல கொஞ்சம் வச்சுக்குங்க. வண்டு விழுறதுக்குள்ள செலவழிச்சுட்டா எங்களுக்குப் பெரிய உதவி."

கிடங்கில் பந்து விளையாடும் அளவுக்கு இடம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர்களும் முகத்தைச் சுளித்து, நாங்க மட்டும் இடத்துக்கு எங்க போறது, சரி சரி, அந்த மூலையில வைங்க, என்று பெரிய மனது பண்ணினார்கள். மறுநாள் அந்த வீட்டில் மணம் நின்றுவிடும். பிழை ஒரே ஒரு தடவைதான் நடந்தது. ஜலதோஷத்தை மறைத்து வேலைக்கு வந்த தொண்டர் ஒருவர் நகைக்கடைக்காரர் வீட்டில் ஒரு மூட்டை கோதுமை மாவை இறக்கிவிட்டார். அங்கே நிஜமாகவே வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. பழகிய மூக்குக்குப் பசியின் மணமும் சமையலின் மணமும் வேறுவேறு, அடைத்த மூக்குக்கு இரண்டும் ஒன்று. ஊரிலேயே அந்த வார்த்தையை அப்படியே நம்பியவர் அவர் ஒருவர்தான். தன் வீட்டை நம்பி ஒப்படைத்தார்களே என்று பூரித்துப்போய், ஆள் வைத்து மூட்டையைப் பலகைமேல் ஏற்றி, நாலு பக்கமும் எலிப்பொறி வைத்து, மாதக்கணக்கில் காவல் காத்தார்.

பெரியக்காவின் தம்பி ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்வீட்டில் தனியாக இருந்த தையல்காரன். தாயில்லாமல் வளர்ந்த இரண்டு பேர். முக்காலி மேல் ஏறி நின்றால்தான் அடுப்பு எட்டும் வயதில் அவள் அவனுக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சினாள். கை எட்டிக் கிண்ட முடியாததால் ஒவ்வொரு நாளும் அடிபிடித்தது. கஞ்சி என்றாலே கருகல் வாடையோடுதான் இருக்கும் என்று அவன் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான். அவள் தன் பங்கையும் அவன் தட்டிலேயே ஊற்றியிருக்கிறாள் என்பது வளர்ந்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது, புரிந்த நாளிலிருந்து அவள் வீட்டில் அவன் கை நனைக்கவில்லை. உணவு வங்கி திறந்த அன்று கூட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டான்: "ஊருக்கே போடு அக்கா, வேணாங்கல. நான் மட்டும் உன் கையால வாங்கித் தின்ன மாட்டேன். சின்ன வயசுல உன் பங்கையும் தின்னதே போதும்."

ஆலை போனதும் துணி தைக்கக் கொடுப்பவர்களும் குறைந்தார்கள். ஒரு நாள் காலை தெருவில் கருகல் வாடை அடித்தது. யார் வீட்டிலோ கவனமில்லாமல் எதையோ அடிபிடிக்க விட்டுவிட்டார்கள் என்று சிலிண்டர்காரர் சிரித்தார். பெரியக்கா சிரிக்கவில்லை. அந்த வாடை உலகத்தில் ஒரே ஒரு அடுப்பிலிருந்துதான் வந்திருக்கிறது, அந்த அடுப்பு இடிந்தே பல காலம் ஆயிற்று. அவளே மூட்டையைச் சுமந்துகொண்டு தெருவைக் கடந்தாள். "கிடங்குல இடமே இல்லடா" என்று ஆரம்பித்தாள். "அந்த வித்தைய என்கிட்டயா காட்டுற?" என்று தம்பி கதவைச் சாத்தினான். அன்றிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. ஊர் முழுவதற்கும் மூட்டை கட்டினாள், தன் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தாள். எதிரே கருகல் வாடை நாளுக்கு நாள் அதிகமாயிற்று.

அந்த நிலையில்தான் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோனது. லாரி நின்றது. கடைசி டின்னையும் கொடுத்து முடித்து, வெறும் பலகைகளுக்கு நடுவில் பெரியக்கா உட்கார்ந்தாள். மறுநாள் விடிந்தபோது கிடங்கே மணந்தது. இதுவரை ஊரில் மணந்த வீடுகளின் மணமெல்லாம் ஒன்றுசேர்ந்து, வெங்காயமும் மீனும் வெண்ணெயுமாகக் கூரை ஓடுகளின் இடுக்கு வழியே கிளம்பி ஊரை மூடியது. அழுத குழந்தைகள் வாயை மூடின. பேருந்து ஓட்டுநர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். தெருநாய்கள் ஒன்றுகூடக் குரைக்காமல் கிடங்குச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தன. அதை நேரில் பார்த்தவர்களுக்கு இன்றைக்குச் சொல்லும்போதும் மயிர்க்கூச்செறிகிறது. அந்த மணத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வந்தார்கள். கணக்கெழுதியவர் அரைப்பை பருப்போடு வந்தார், மாடிக் குடித்தனக்காரி ஒரு கிண்ணம் அரிசியோடு வந்தாள், ஆற்றங்கரை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். வாசலில் வந்து ஒவ்வொருவரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "பெரியக்கா, எங்க வீட்ல இடமே இல்ல. இதக் கொஞ்சம் இங்க வச்சுக்குங்க." மூக்குத்தியைவிடக் கனமானதைத் தூக்கியறியாத நகைக்கடைக்காரர், தையல் பிரியாத கோதுமை மாவு மூட்டையைத் தோளில் சுமந்து தள்ளாடிக்கொண்டு வந்து, எலி தொடவில்லை, எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பெரியக்கா அப்போதுதான் அழுதாள்.

தம்பியும் வரிசையில் வந்தான், வெறுங்கையோடு. வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டான். அத்தனை மணங்களுக்கும் அடியில், அவள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து, மெல்லியதாக ஒரு கருகல் வாடை வந்துகொண்டிருந்தது. அவன் வீட்டு வாடையேதான்.

"நீ சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு?" என்றான்.

அவன் நகைக்கடைக்காரரின் மூட்டையைப் பிரித்து மாவை அள்ளி, கிடங்கு அடுப்பைப் பற்ற வைத்துக் கஞ்சி காய்ச்சினான். நன்றாகக் கை எட்டியும், அடிபிடிக்கும்வரை கிண்டாமல் நின்றான். முதல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவன் பக்கம் நீட்டினாள்.

"என் வயித்துல இடமே இல்லடா. இதக் கொஞ்சம் நீ வச்சுக்க."

அவன் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் கிடங்கின் மணம் நின்றுவிட்டது, நாய்கள் எழுந்து போய்விட்டன.

பாலம் திரும்பக் கட்டப்பட்டு லாரி வந்தது. தம்பி இப்போது கிடங்கில் உட்கார்ந்து கிழிந்த மூட்டைகளைத் தைக்கிறான். ஊரில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் மணக்கத்தான் செய்கின்றன. யாரும் ஆச்சரியப்படுவதில்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஐஸ் ஃபேக்டரிக்கு எதிர்வீட்டில் மட்டும் தினமும் சாயங்காலம் கருகல் வாடை வரும். புதிதாகச் சேர்ந்த தொண்டர்கள் அந்தக் கதவைத் தட்டப் போனால் சிலிண்டர்காரர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். அது நிஜமான சமையல்.