தீவு மேப்

கல்லூரி விட்டதும் லிபினும் ஜெயஷீலாவும் பாளையத்து இன்டர்நெட் கஃபேயில் போர் விளையாட்டு ஆடுவார்கள். லிபின் தன் படையாக மங்கோலியர்களை எடுத்துக்கொண்டு, போர்க்களமாகப் புல்வெளி மேப்பையே போடுவான். ஜெயஷீலா எடுக்கும் வைக்கிங்குகள் கடலோடிகள். அந்த மேப்பில் கப்பல் விட ஒரு குளம்கூடக் கிடையாது. ஒவ்வொரு முறையும் அவனுடைய குதிரைப்படை அவள் ஊரை மிதித்துவிட்டுப் போகும். "உனக்கு ஆடத் தெரியலை" என்பான்.

ஒருநாள் அவன் வரத் தாமதமானதால், அவளே தீவு மேப்பைப் போட்டுவைத்தாள். அன்று குதிரைகள் கரையில் சும்மா நிற்க, அவள் கப்பல்கள் அவனுடைய துறைமுகத்தை எரித்தன.

"இது மேப்பு ஜெயிச்சது, நீயில்லை கேட்டோ" என்றான் லிபின்.

"அப்போ இத்தனை நாள் ஜெயிச்சது யாரு?"

அவன் மவுஸை உருட்டினான். "இனி மேப்பை கம்ப்யூட்டரே எடுக்கட்டும்" என்றான்.

அடுத்ததாக, குதிரைக்கும் கப்பலுக்கும் தோதில்லாத அடர்ந்த காடு வந்தது. அதிலும் லிபின்தான் ஜெயித்தான், ஆனால் படாதபாடு பட்டு. ஆடத் தெரியாது என்ற பேச்சை அப்புறம் அவன் எடுக்கவில்லை.