சுவருக்கு அடித்த வெள்ளை

கதவைத் திறந்ததுமே பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. லோர்னா பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு ஓடினாள்.

மகள் எஃபியைப் பள்ளியில் விட்டு, பேக்கரியில் காலை வேலையை முடித்து அவள் திரும்புவதற்குள், அப்பா கென் தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்துவிட்டிருந்தார். படுக்கையறையில் எஃபியின் கட்டில் நகர்ந்திருந்தது. அதன் தலைமாட்டில் கரிக்கோடுகளாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைக் காணவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் கென், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. "தேய்ச்சுப் பாத்தேன், போகல. அதான் மேலயே ரெண்டு கோட்டு அடிச்சுட்டேன்."

"அப்பா, மத்தியானம் கவுன்சில் ஆளு வர்றாங்க."

"அதுக்குத்தானம்மா அடிச்சேன். வர்றவங்க நம்மள அழுக்குப் பிடிச்ச ஜனம்னு நெனைச்சுட்டுப் போகணுமா?"

"அந்த அழுக்கைப் பாக்கத்தான்பா வர்றாங்க."

கென் குழாயை மூடினார். வாடகை வாங்க ஆள் வரும் நாளில் வாசற்படியைத் தேய்த்துக் கழுவுகிற தெருவில் பிறந்தவர் அவர். வீட்டின் குறையைக் காட்டி கவுன்சிலிடம் வேறு வீடு கேட்டு வாங்கலாம் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

ஊர் நிர்வாகமான கால்டர்டன் கவுன்சில் குறைந்த வாடகைக்கு விடும் காலி வீடுகளின் பட்டியல் வியாழக்கிழமைதோறும் இணையத்தில் வரும். பிடித்ததற்குப் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்தவர்களில் யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கே வீடு. தேவை சமமாக இருந்தால்தான் யார் அதிக நாள் காத்திருந்தார்கள் என்று பார்ப்பார்கள். தேவையை வைத்துப் பிரித்ததில் லோர்னா மூன்றாம் பிரிவில் இருந்தாள். அந்தப் பிரிவில் காத்திருப்பதும் கிணற்றில் கல் போடுவதும் ஒன்றுதான். எப்போது பார்த்தாலும் அவளுக்கு முன்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வீட்டு ஈரம் எஃபியின் மூச்சுக்கு ஆகவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கவுன்சில் ஆள் வந்து பார்த்து ஒத்துக்கொண்டால் இரண்டாம் பிரிவு. இப்போதைய வீட்டின் சொந்தக்காரரிடம் சொன்னால், "ஜன்னலைத் தொறந்து வை" என்பார். டிசம்பர் குளிரில்.

கவுன்சிலிலிருந்து மிஸ் ஆஷ்வர்த் சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண். கையில் டேப்லெட், மூக்கில் ஜலதோஷம். அந்த மூக்குக்கும் வாசனை தெரிந்துவிட்டது.

"எங்க இருக்கு பூஞ்சணம்?"

"இங்கதான் இருந்துச்சு."

அவள் சுவரைத் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது. "யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றாள் லோர்னா. கென் அடுப்படியில் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏங்க?"

லோர்னா போனை எடுத்தாள். அதில் இருந்த பூஞ்சணப் படங்களைக் காட்டினாள். மிஸ் ஆஷ்வர்த் பொறுமையாகப் பார்த்தாள்.

"நான் நம்புறேன். ஆனா கண்ணால பார்த்ததைத்தான் என்னால எழுத முடியும். இப்ப இது புதுசா பெயின்ட் அடிச்ச ரூம். ஈரத்தை அளக்கறவர் வேற ஆளு. அவர் வர்றதுக்கு பிப்ரவரி ஆயிடும்."

"பிப்ரவரி வரைக்கும் பிள்ளை இங்கதான் தூங்கணும்," என்றாள் லோர்னா. குரல் உயரவில்லை.

அடுப்படியில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. கென் சுரண்டியோடு உள்ளே வந்தார்.

"அவ அடிக்கல. நான்தான் அடிச்சேன். கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா."

"அப்பா."

"சும்மா இரு."

மேல்பூச்சு ஈரமாகவே இருந்தது. சுரண்டியை வைத்ததும் வெள்ளை சுருண்டு வந்தது; அடியில் கறுப்பு. அவர் நிறுத்தவில்லை. கொஞ்சம் அழுத்தினார். டீயில் நனைத்த பிஸ்கட் போல காரையே பெயர்ந்து கம்பளத்தில் விழுந்தது. உள்ளே செங்கல் வியர்த்திருந்தது. மூவரும் அதைப் பார்த்தார்கள். கென்னின் காது மட்டும் சிவந்திருந்தது.

"என் பொண்ணு வாரா வாரம் இதைத் தேய்ப்பா," என்றார். "அதையும் எழுதிக்கோங்க."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்க," என்றாள் மிஸ் ஆஷ்வர்த். பிறகு, "குறிப்புல போட்டுடறேன்," என்று படம் எடுக்கத் தொடங்கினாள்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "இரண்டாம் பிரிவுக்குச் சிபாரிசு பண்றேன். முடிவு மேலதிகாரியோடது. அதுவரைக்கும் பிள்ளையை வேற ரூம்ல படுக்க வைங்க. அந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது."

"சரிங்க," என்றாள் லோர்னா.

"உங்க அப்பாகிட்டயும் சொல்லிடுங்க."

பள்ளி விட்டு வந்த எஃபி பொத்தலைப் பார்த்தாள். "யாரு உடைச்சது?"

"தாத்தா," என்றார் கென். "கவுன்சிலுக்காக." குப்பை வாரும் தட்டை எடுத்தவரை லோர்னா திரும்பிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் இரண்டாம் பிரிவு கிடைத்தது. அடுத்து வந்த வியாழக்கிழமை, மில் ரோட்டில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு லோர்னா பெயர் கொடுத்தாள். கென்னுக்கு போன் போட்டாள்.

"மூணாவதா இருக்கேன்பா. முன்னாடி ரெண்டு பேர்தான். இது தப்புனாலும் அடுத்தது கிடைச்சுடும்."

"அந்த ரெண்டு பேருக்கு நம்மளவிட என்ன அவசரமாம்?"

"அவங்க வீட்டுச் சுவர் நம்மளதைவிட மோசமா இருக்கும்."



"அடப்பாவமே," என்றார் கென். "அவங்களுக்கு பெயின்ட் அடிச்சுக் கொடுக்கக்கூட ஆளில்லையா?"