கடைசி மீதி

மாதேஷ் வாத்தியாருக்கு வீடு, வாசல், காடு, கழனி எல்லாம் ஒரு பக்கம். அவருடைய எண் ஒரு பக்கம். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. எழுத உட்கார்ந்தால் லட்சக்கணக்கான இலக்கம். அது பகா எண்தானா என்று கண்டுபிடிக்க, ஏரியூருக்கு அப்பால் அவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

வழி என்னவோ எளிதுதான். நான்கில் தொடங்கி, அதை வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை எடுத்துத் திரும்பவும் அதையே செய்ய வேண்டும். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். நடுவில் ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும் அப்புறம் வருவதெல்லாம் குப்பை. அவர் மனைவி கோகிலாவும் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள், இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடைத்தாள் திருத்த அவர் சேலம் போன வாரம்தான் அது நடந்தது. தக்காளிச் செடிகள் வாடித் தொங்கின. மும்முனை மின்சாரம் வருகிற வழியாக இல்லை. ஊரே செய்வதைத்தான் கோகிலாவும் செய்தாள்: கண்டன்சரைப் போட்டு, இருந்த இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டினாள். "கம்ப்யூட்டரு ஓடறப்ப மட்டும் அந்த வேல வேணாம், வோல்டேஜ் எறங்கிக் கணக்கு பெசகிடும்" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

வீட்டில் விளக்கு மங்கி மங்கி எரிவதைப் பார்த்து ஓடி வந்தாள். திரையில், அவர் நிரலில் எழுதிவைத்திருந்த வாசகம் நின்றது: 'கணக்கில் பிழை. கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பவா, அப்படியே தொடரவா?' திரும்பினால் பல நாள் ஓட்டம் வீண். ஏன் என்று கேட்பார். தொடரச் சொல்லி அழுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் கேட்டாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கடத்தினாள். செடிகள் மட்டும் வெட்கமில்லாமல் தளதளவென்று நின்றன.

மாதேஷ் திரும்பி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணக்கு முடிந்தது. பூஜ்யம் இல்லை, திரை நிறைய இலக்கங்கள். அவர் அவற்றை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு, இதுபோல எண் தேடும் ஆசிரியர்கள் குழுவுக்குச் செய்தி அடிக்க உட்கார்ந்தார். அங்கே ஒருவர் 'பகா எண் இல்லை' என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அந்த எண்ணைத் தொட மாட்டார்கள்.

"இன்னொருவாட்டி ஓட்டிப் பாக்கலாங்களே" என்றாள் கோகிலா.

"எதுக்கு? நான் இல்லாதப்ப வேற யாரு பாத்துக்கினு இருந்திருந்தாலும் முதல்ல இருந்து ஓட்டியிருப்பேன். நீ கூடவே இருந்து பாத்துக்கின. அப்புறம் என்ன?"

செய்தியின் அடியில் 'சரிபார்த்தவர்: கோகிலா, எம்.எஸ்ஸி.' என்று சேர்த்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அனுப்பட்டா?"

இப்போது சொல்லியே ஆக வேண்டும். அது பகா எண்ணாகவே இருந்திருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் முகத்தில் அவள்மேல் துளி சந்தேகம் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"அனுப்புங்க" என்றாள்.